தலைக்கணக்கு

மகாநதிக்கு இந்தக் கரையில் பர்சாபாலி.
மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தருகிற என்னைத்
தலை எண்ண அனுப்பியிருக்கிறார்கள்.
செங்காவியில் சுவருக்குச் சுவர் எண் எழுதிக்கொண்டு போகிறேன்.
பின்னாலேயே ஆறு பிள்ளைகள்,
ஒரு சேவல்.

வயது கேட்டால் பெயரைச் சொல்கிறார்கள்.
துகாலு: பஞ்சத்தில் பிறந்தவர்.
எந்தப் பஞ்சம்?
குளம் பாளம் பாளமாய் வெடித்து
மாடுகளை அவிழ்த்துவிட்ட பஞ்சம்.
அதற்கு முந்தியதா, பிந்தியதா?
அவர் வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறார்,
சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துக்கொள் என்று.
அறுபத்தெட்டு என எழுதினேன்.

சுக்வாரோ வெள்ளிக்கிழமைக்காரி.
எந்த வருஷத்து வெள்ளி என்று
அந்த வெள்ளிக்கே தெரியாது.
பிரந்தின், தாய் ஊர்சுற்றப் போன இடத்தில் பிறந்தவள்,
"பாதி வயது அங்கே, பாதி இங்கே,
கூட்டல் உங்கள் வேலை, மேடம்" என்றாள்.

கோம்தியின் நாள்
தொழில் என்ற கட்டத்துக்குள் அடங்கவில்லை.
இருட்டிலேயே சாணி. அடிபம்பில் நாலு குடம்.
வெங்காயம் கடித்துப் பழையது.
அடுத்தவர் வயலில் வெயில் சாயும்வரை கேசரிப்பயறு பிடுங்கி
வரும் வழியில் விறகு,
வந்த பின் மாமனாரின் கால்புண்ணுக்கு மஞ்சள்.
"வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்கிறான் புருஷன்.
அவள் அப்போதும் எதையோ புடைத்துக்கொண்டிருக்கிறாள்.
அவனை மேற்கொண்டு கேட்காமல் கட்டத்தை நிரப்பினேன்.
பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

நாற்பத்தொன்றாம் எண்ணிலிருந்து வரிசையாய்ப் பூட்டு.
நெல் அடித்த கையோடு செங்கல் சூளைக்குப் போனவர்கள்.
அலகாபாத் பக்கம் என்கிறார்கள்,
இல்லை, ஐதராபாத் தாண்டி என்கிறார்கள்.
ஒரு கதவைப் பூசணிக்கொடி பிடித்திருக்கிறது.
சாவிகளெல்லாம் புசாவு வீட்டு ஆணியில். பதினேழு.
ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சொல்கிறார்:
இது ஐந்து பேர். இது மூன்று.
இது நாலு, வயிற்றில் ஒன்று.

வயிற்றுக்குக் கட்டம் இல்லை.
போனவர்களைப் போன இடத்தில் எண்ணுவார்கள் என்கிறது கையேடு.
சூளையில் எண்ணத்தான் எண்ணுகிறார்கள்,
செங்கல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று.

பிப்ரவரி முடிகிற நள்ளிரவில்
யாருக்கெல்லாம் மூச்சு இருக்கிறதோ அவர்களே கணக்கு.
அதற்கு இரண்டு நாள் முன்பு
ஆணியிலிருந்து ஒரு சாவி இறங்கியது.
ராம்ஹின். நிறைமாதம்.
ரயில் மாறி ரயில் மாறித் தனியாய் வந்திருந்தாள்,
நகக்கண்ணில் சூளை மண்ணோடு.

மார்ச் முதல் தேதி, திருத்தச் சுற்று.
துகாலு வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள்.
எப்போது?
கோழி கூவும்போது.
அப்படியானால் நள்ளிரவில் இருந்திருக்கிறார்.
அவரை அடிக்க எனக்கு அதிகாரமில்லை.
வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறவர்
தாளில் அறுபத்தெட்டாய் உட்கார்ந்திருக்கிறார்,
வாயைத் திறந்தபடி.

ராம்ஹினுக்குப் பெண்.
எப்போது?
செல்போன் பார்த்தார்களாம், இரண்டு இருபது.
அவளைச் சேர்க்கவும் அதிகாரமில்லை.

நானூற்று முப்பத்தேழு.
ஒருவர் போய் ஒருத்தி வந்தும்
எண் அசையவில்லை.
சரியான விடைதான்.
மூன்றாம் வகுப்பில் யாராவது இப்படிப் போட்டிருந்தால்
செய்முறை எங்கே என்று கேட்டிருப்பேன்.

"எழுதியாச்சா?" என்றாள் ராம்ஹின் கட்டிலிலிருந்து.
இல்லை என்றேன். இரண்டு மணி நேரத்தைச் சொன்னேன்.
வலியோடு சிரித்தாள்.
"அப்படியா. இவள் பேர் கிந்தி."
கிந்தி என்றால் எண்ணிக்கை.
அடுத்த தடவை வருகிறவர் வயது கேட்டால்
பெயரைச் சொல்லிவிடுவாள்.

திரும்பும்போது புசாவு வீட்டில் தண்ணீர் கேட்டேன்.
ஆணியில் பதினாறு சாவி.
அதை எண்ணச் சொல்லி
என்னை யாரும் அனுப்பவில்லை.